படிப்பு நிற்க வேண்டாம்

வடாலா ரோடு ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். தோளில் பையுடன் எத்தனை பெண் பிள்ளைகள்! சிலர் ஹார்பர் லைன் வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். சிலர் மாட்டுங்கா பக்கம் நடக்கிறார்கள். ருயியா, கால்சா, போதார், வி.ஜே.டி.ஐ. என்று கல்லூரிகளின் பெயர்ப் பலகையை இப்போது நாமும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம்.

ஆண்டாப் ஹில்லில் இருந்தும் தாராவியில் இருந்தும் போகும் இந்தப் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவர்களுடைய தாய்மார் பெரியவர்கள் ஆன பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றார்கள். இதைப் படிக்கும் நீங்களும் அப்படி ஒரு தாயாக இருக்கலாம்.

இந்தப் பாடம் கொஞ்சம் கனமானது. கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்குப் பாலியல் வன்முறை நேர்ந்தால் என்ன செய்வது? எங்கே போவது? யாரிடம் சொல்வது? இதைத்தான் படிக்கப் போகிறோம். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளாகப் படியுங்கள்.

மகள் ஏன் சொல்வதில்லை?

ஒரு பெண்ணுக்குக் கெட்டது நடந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வருகிறாள். வாய் திறப்பதில்லை. ஏன்?

செய்தவன் மிரட்டியிருக்கலாம். வெட்கமாக இருக்கலாம். ஆனால் நம் பகுதியில் இன்னொரு காரணம் உண்டு. "அம்மாவிடம் சொன்னால் காலேஜை நிறுத்திவிடுவார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்தில் யாருக்காவது கட்டி வைத்துவிடுவார்கள்." இதுதான் அவள் பயம். இந்தப் பயம் வீணான பயம் இல்லை. பல வீடுகளில் இது நடக்கிறது. தவறு செய்தவன் கல்லூரிக்குப் போய்க்கொண்டே இருப்பான். துன்பப்பட்டவள் திருநெல்வேலி வண்டியில் ஏறுவாள்.

சொன்னால் படிப்பு போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை சொல்லும்?

ஆகவே முதல் வேலை வீட்டில் இருக்கிறது. நடக்கும் முன்பே மகளிடம் சொல்லி வையுங்கள். "உனக்கு எது நடந்தாலும் என்ட்ட சொல்லு கண்ணு. உன் படிப்பை நிறுத்த மாட்டேன்." இதைச் சும்மா ஒரு நாள், சோறு போடும்போது சொல்லலாம். அப்பாவும் சொன்னால் இன்னும் நல்லது.

மகள் வந்து சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது "அந்த நேரத்துக்கு ஏன் போனே?" "என்ன உடுத்தியிருந்தே?" "அவன்கூட உனக்கு என்ன பேச்சு?" என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். "நீ ஒரு தப்பும் பண்ணலை" என்று சொல்லுங்கள். அவள் அழலாம். அழாமல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கலாம். சிரித்துப் பேசக்கூடச் செய்யலாம். அதை வைத்து அவள் சொல்வது பொய் என்று நினைக்கக் கூடாது. அதிர்ச்சி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக வெளியே வரும்.

ஒரு சொல்லைப் பற்றி

முன்பு செய்தித்தாள்களில் "கற்பழிப்பு" என்று எழுதினார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கற்பு, அழிப்பு. யாரோ ஒருவன் குற்றம் செய்தான். ஆனால் அழிந்தது இவளுடைய கற்பு என்று அந்தச் சொல் சொல்கிறது! வீட்டில் திருடன் புகுந்தால் வீட்டுக்காரருக்கா கெட்ட பெயர்? இப்போது பாலியல் வன்முறை என்றும் வன்புணர்வு என்றும் எழுதுகிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். கையைப் பிடித்து இழுப்பது, பின்னாலேயே தொடர்ந்து வருவது, குளியலறையில் ஒளிந்து படம் எடுப்பது, போனில் ஆபாசப் படம் அனுப்புவது, இவை எல்லாமே சட்டப்படி குற்றம்தான்.

பரேலில் நடந்தது

நம் வடாலாவில் இருந்து பரேல் தூரம் இல்லை. அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரி இருக்கிறது. 1973-ம் ஆண்டு அங்கே அருணா ஷான்பாக் என்ற இளம் நர்ஸ் வேலை பார்த்தார். கர்நாடகத்தில் இருந்து வந்தவர். கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று அதே ஆஸ்பத்திரியின் ஊழியன் ஒருவன் அவரைத் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து, பாலியல் வன்முறை செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அருணா நினைவை இழந்தார். 2015 மே 18-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தார். அங்கிருந்த நர்சுகள்தான் சோறு ஊட்டி, உடல் துடைத்து, பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆள் பிடிபட்டான். தண்டனையும் கிடைத்தது. எதற்காக? திருட்டுக்கும் கொலை முயற்சிக்கும். ஏழு ஆண்டு. பாலியல் வன்முறை வழக்கில் வரவே இல்லை. பெண்ணின் பெயர் கெட்டுவிடும், கல்யாணம் நின்றுவிடும் என்று எண்ணி மறைத்தார்கள் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் மறைத்திருப்பார்கள். ஆனால் அந்த மௌனம் யாருக்கு உதவியது? யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஆஸ்பத்திரி

போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டே நேரம் போய்விடும். அதை அப்புறம் பேசலாம். முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். நமக்குப் பக்கம் சயான் ஆஸ்பத்திரி, அதாவது லோகமான்ய திலக் மாநகராட்சி ஆஸ்பத்திரி. கே.இ.எம்.முக்கும் போகலாம். தனியார் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போகலாம். வன்புணர்வுக்கு ஆளான பெண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். "முதலில் போலீஸ் காகிதம் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மறுப்பது தண்டனைக்கு உரிய குற்றம்.

ஏன் இவ்வளவு அவசரம்? இரண்டு மருந்துகளுக்கு நேரக் கணக்கு உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதாவது மூன்று நாள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தரிக்காமல் தடுக்கும் மாத்திரையும் சீக்கிரம் போட்டால்தான் நன்றாகப் பலிக்கும். நாள் கடந்து கர்ப்பம் என்று தெரிய வந்தால்? வன்புணர்வால் வந்த கர்ப்பத்தை 24 வாரம்வரை சட்டப்படி கலைக்கலாம். அவள் வயது வந்தவள் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவனோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

தடயம் எடுக்கவும் ஆஸ்பத்திரி வேண்டும். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றிவிட்டால் பழைய உடையைத் துவைக்காமல், பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் சேர்ந்து கெட்டுவிடும். அழுக்கோடு இருக்க முடியாமல் குளித்துவிட்டாளா? அவளைத் திட்டாதீர்கள். அப்போதும் போகலாம். நான்கு நாள்வரை தடயம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

டாக்டர் சோதிக்கும் முன் அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு சோதனைக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று அவள் சொல்லலாம். சோதனை வேண்டாம், மருந்து மட்டும் கொடுங்கள் என்றும் சொல்லலாம். மருந்து தர மறுக்க முடியாது. முன்பு "இரண்டு விரல் சோதனை" என்று ஒன்று செய்தார்கள். அந்தப் பெண் பழக்கப்பட்டவளா என்று பார்க்கிறார்களாம்! அது கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும் சில இடங்களில் நிற்கவில்லை. 2022-ல் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. யாராவது செய்ய வந்தால் "அது தடை செய்யப்பட்டது" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுக்கும். அது அவர்கள் கடமை. இதைக் கேட்டுப் பலர் பயந்து ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. தகவல் வேறு, புகார் வேறு. வயது 18 நிரம்பிய பெண், "நான் இப்போது புகார் கொடுக்க விரும்பவில்லை" என்று சொல்லலாம். அதை டாக்டர் எழுதி வைப்பார். மருந்தும் தடயமும் அப்படியே இருக்கும். நாளை அவள் மனம் மாறினால் அது உதவும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மும்பையில் 11, 12-ம் வகுப்பை ஜூனியர் காலேஜ் என்கிறோம். காலேஜ் என்ற பெயர் இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு வயது 16, 17 தான். 18 வயது ஆகாதவர்களுக்குப் போக்சோ என்ற தனிச் சட்டம் இருக்கிறது. 2012-ல் வந்தது. அதன்படி விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர் மறைத்தாலும் குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் "திலாசா" என்று ஒரு மையம் இருக்கிறது. திலாசா என்றால் ஆறுதல். 2000-ம் ஆண்டு வாக்கில் பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில் முதலில் தொடங்கியது. வன்முறைக்கு ஆளான பெண்களிடம் தனியே உட்கார்ந்து பேச அங்கே ஆள் உண்டு. தாராவிப் பகுதியில் "ஸ்நேஹா" என்ற அமைப்பும் பெண்களுக்கு இந்த உதவியைச் செய்கிறது.

போலீஸ் நிலையத்தில்

புகார் கொடுப்பது என்று மகள் முடிவு செய்துவிட்டாள். எந்த ஸ்டேஷனுக்குப் போவது? நடந்தது ஜுஹுவில், வீடு வடாலாவில். "எங்கள் எல்லை இல்லை, அங்கே போ" என்று சொல்வார்களே என்று கவலை வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் எடுக்க வேண்டும். பிறகு அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். இதற்கு "ஜீரோ எஃப்.ஐ.ஆர்." என்று பெயர். ரயிலில் நடந்ததற்கும் இப்படியே.

வன்புணர்வுப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். பிறகு வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் சொல்லும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும். அம்மாவோ வேறு நெருங்கியவரோ கூட இருக்கலாம். பிறகு நீதிபதி முன்னாலும் ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கும். வழக்கு நடக்கும்போது மூடிய அறையில் நடக்கும். வேடிக்கை பார்க்க யாரும் வர முடியாது. அவளுடைய பழைய பழக்க வழக்கம் எப்படி என்று குறுக்கே கேட்கவும் சட்டம் இடம் தரவில்லை.

இனி நம் எழுத்தறிவுக்கு வேலை. மும்பையில் எஃப்.ஐ.ஆரைப் பெரும்பாலும் மராத்தியில் எழுதுவார்கள். நமக்குத் தமிழ் எழுத்துத்தான் பழக்கம். "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார்கள். போடாதீர்கள். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி வாசித்துக் காட்டுவது அவர்கள் கடமை. மராத்தி தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள். தேதி சரியா? நேரம் சரியா? ஆள் பெயர் சரியா? அவள் சொல்லாத எதையும் சேர்த்திருக்கிறார்களா? சரியாக இருந்தால்தான் கையெழுத்து. ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும். வாங்காமல் வராதீர்கள்.

எழுத மறுத்தால்? 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி வன்புணர்வுப் புகாரை எழுத மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. மேல் அதிகாரியான துணை கமிஷனருக்கு எழுத்தில் மனு அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம்.

வக்கீலுக்குப் பணம்? பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மகாராஷ்டிர அரசின் "மனோதைரிய" திட்டம் 2013-ல் வந்தது. அதில் 10 லட்சம் ரூபாய்வரை நிவாரணம் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் வழியாகக் கேட்க வேண்டும்.

சென்னையில் ஒரு மாணவி

"போலீசுக்குப் போனால் பெயர் வெளியே வந்துவிடும்." இப்படித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். சட்டப்படி அவள் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை. ஆனால் நடைமுறை? மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2024 டிசம்பர் 23 இரவு. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு பொறியியல் மாணவி தன் நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார். வெளியாள் ஒருவன் வந்தான். பெயர் ஞானசேகரன். அந்தப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்தவன். உங்களைப் படம் எடுத்துவிட்டேன் என்று மிரட்டி, அந்த மாணவியைப் பாலியல் வன்முறை செய்தான்.

எத்தனை பெண்கள் அந்த மிரட்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்! இந்த மாணவி மறுநாளே புகார் கொடுத்தார். அவன் கைதானான். ஆனால் பூட்டி வைக்க வேண்டிய எஃப்.ஐ.ஆர். கணினி வழியே வெளியே போனது. மாணவியின் விவரம் பலர் கைக்குப் போய்விட்டது. எஃப்.ஐ.ஆர். எழுதிய விதமும் அந்தப் பெண் மீதே பழி சொல்வது போல இருந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதை எடுத்துக்கொண்டது. டிசம்பர் 28 அன்று, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்டு விசாரணைக் குழு அமைத்தது. விவரம் வெளியானதற்காக அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது. அந்த மாணவி படிப்பை முடிக்கும்வரை பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கக் கூடாது. தங்க இடமும் சாப்பாடும் மன ஆலோசனையும் இலவசமாகத் தர வேண்டும்.

2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று சொன்னது. 11 குற்றச்சாட்டுகளும் நிரூபணம் ஆயின. ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை. 30 ஆண்டுக்குக் குறையாமல், தண்டனைக் குறைப்பு இல்லாமல். நடந்த நாளில் இருந்து தீர்ப்பு வரை ஐந்து மாதத்துக்குச் சற்றே மேல். எல்லா வழக்கும் இவ்வளவு வேகமாகப் போகாது. பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. அதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

படம் இருக்கிறது என்று யாராவது மிரட்டினால் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. போலீசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இப்படிப்பட்ட புகாரைத் தரலாம்.

கல்லூரிக்குள் ஒரு கதவு

போலீசுக்குப் போக மனம் வரவில்லை. அல்லது நடந்தது ஆசிரியரின் அசிங்கமான பேச்சு, சக மாணவனின் தொல்லை. அப்போது? கல்லூரியிலேயே புகார் கேட்கும் குழு ஒன்று உண்டு. "உள் புகார்க் குழு" என்று பெயர். பிள்ளைகள் ஐ.சி.சி. என்பார்கள். மும்பைக் கல்லூரிகளில் மகளிர் மேம்பாட்டுப் பிரிவு என்று, டபிள்யூ.டி.சி. என்றும் ஒன்று இருக்கும். அங்கே போய்க் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இந்தக் குழு எப்படி வந்தது தெரியுமா? படித்த பெரிய மனிதர்கள் தாமாக நினைத்துக் கொண்டுவந்ததில்லை. ராஜஸ்தானில் பதேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்ற பெண் இருந்தார். மண்பாண்டம் செய்யும் சாதியில் பிறந்தவர். அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்த் தொண்டராக வேலை பார்த்தார். குழந்தைத் திருமணம் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னார். அதற்குப் பழி வாங்க, 1992 செப்டம்பரில் ஊரின் மேல்சாதி ஆண்கள் சிலர் அவரை வன்புணர்வு செய்தார்கள். அவர் ஒளியவில்லை. தன் பெயரையும் மறைக்கவில்லை. புகார் கொடுத்தார். 1995-ல் கீழ்க் கோர்ட் எல்லாரையும் விடுதலை செய்தது.

அவர் வழக்கு தோற்றது. ஆனால் அவருக்காகக் கொதித்த பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு யார் தருவது என்று கேட்டார்கள். 1997 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. "விசாகா தீர்ப்பு" என்கிறார்கள். எல்லா இடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்றது. 2013-ல் அது சட்டம் ஆனது. கல்லூரிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிகள் செய்தது. அவை 2015-ம் ஆண்டு விதிகள். மாட்டுங்காவில் கணினி படிக்கும் பெண்ணுக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டவர் பள்ளி வாசம் அதிகம் அறியாத ஒரு கிராமத்துப் பெண்.

குழுவில் யார் இருப்பார்கள்? தலைவர் ஒரு மூத்த பேராசிரியை. ஆசிரியர்கள், மற்ற ஊழியர்கள் இருப்பார்கள். மாணவர் பற்றிய புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். வெளியே இருந்து பெண்களுக்காக வேலை செய்யும் ஒருவரும் உண்டு. பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். துறைத் தலைவர் போன்ற பெரிய பதவியில் உள்ளவர்கள் குழுவில் உட்காரக் கூடாது. அவர்கள் செல்வாக்கைப் பயன்படுத்திவிடுவார்கள் அல்லவா?

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கூட்டித் தருவார்கள். போலீசில் வன்புணர்வுப் புகாருக்கு இப்படி நாள் கணக்கு இல்லை, இங்கே உண்டு. அவளால் எழுத முடியாத நிலை என்றால் தோழியோ உறவினரோ அவளுக்காகத் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். போலீசிலும் இங்கும் ஒரே நேரத்தில் புகார் தரலாம். போலீசுக்குப் போக விரும்பினால் கல்லூரி அதற்கும் உதவ வேண்டும். இந்த விதிகளின்படி ஆண் பிள்ளைகளும் திருநங்கைகளும்கூடப் புகார் தரலாம்.

நமக்கு முக்கியமான பகுதி இனித்தான். விசாரணை நடக்கும்போது அவள் படிப்பு என்ன ஆகும்? அவள் கேட்டால் மூன்று மாதம்வரை விடுப்பு தரலாம். புகாருக்கு ஆளானவனை வேறு பிரிவுக்கு மாற்றலாம். அவளிடம் நெருங்கக் கூடாது என்று உத்தரவு போடலாம். அவன் ஆசிரியர் என்றால் அவளுடைய விடைத்தாளை அவன் திருத்தாமல் செய்யலாம். குற்றம் உறுதியானால் மாணவனை விடுதியில் இருந்து நீக்கலாம், உதவித் தொகையை நிறுத்தலாம், கல்லூரியை விட்டே அனுப்பலாம். போக வேண்டியவன் அவன்தான்.

சாட்சி போதவில்லை என்று புகார் நிரூபணம் ஆகாமல் போகலாம். அதற்காக அவளைப் பொய்க்காரி என்று தண்டிக்க முடியாது.

மனு எப்படி எழுதுவது? இதோ ஒரு மாதிரி. மகளோடு உட்கார்ந்து நீங்களும் எழுதிப் பாருங்கள்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
உள் புகார்க் குழு,
.................... கல்லூரி, மும்பை.

அம்மா,
நான் இந்தக் கல்லூரியில் ............ வகுப்பில் படிக்கிறேன். ............ தேதி ............ மணிக்கு ............ என்ற இடத்தில் ............ என்பவர் என்னிடம் ............ செய்தார். அப்போது ............ அருகில் இருந்தார். பிறகு நான் ............ இடம் சொன்னேன். விசாரணை முடியும்வரை அவர் என் வகுப்புக்கு வராதபடி செய்ய வேண்டும். எனக்கு ............ நாள் விடுப்பு வேண்டும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
............................
தேதி: ....................

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றதில் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

டியூஷன் வகுப்பில் நடந்தால்? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் இப்படிக் குழு இருக்காது. அப்போது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம். வடாலா மும்பை நகர மாவட்டத்தில் சேர்ந்தது. கோட்டைப் பகுதியில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பஞ்சாயத்து பேச வருவார்கள்

விஷயம் வெளியே தெரிந்தால் பெரியவர்கள் நாலு பேர் வருவார்கள். "நமக்குள்ளே முடித்துக்கலாம்." "ஒரு தொகை வாங்கித் தரேன்." "அவனுக்கே கட்டி வச்சிடலாம், மானம் தப்பும்." அடித்தவன் கையிலேயே பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பதா மானம்? வன்புணர்வு வழக்கைப் பேசி முடிக்கச் சட்டத்தில் இடம் இல்லை. சமரசம் ஆகிவிட்டது என்று தண்டனையைக் குறைக்கக் கூடாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கல்லூரிக் குழுவிலும் பணம் வாங்கி முடித்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். மாமா ஒன்று சொல்வார். பெரியப்பா ஒன்று சொல்வார். மகளை யாரும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு 18 வயது ஆகிவிட்டது என்றால் புகார் தருவதா, எங்கே தருவது, எப்போது தருவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். நாம் வழிகளைச் சொல்லலாம். கூடப் போகலாம். இன்றைக்கு வேண்டாம் என்றவள் இரண்டு மாதம் கழித்துப் போகலாம் என்பாள். அப்போது "அன்னைக்கே சொன்னேனே" என்று குத்திக் காட்ட வேண்டாம்.

தூக்கம் வராமல், சாப்பிடாமல், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஏறாமல் அவள் பல நாள் தவிக்கலாம். பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை. மன ஆலோசனை உதவும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. இலவசம். தமிழிலும் பேசலாம். ஆபத்து என்றால் உடனே 112. பெண்கள் உதவிக்கு 181.

செய்து பாருங்கள்

உள் புகார்க் குழுவில் உள்ளவர்களின் பெயரைக் கல்லூரியில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை கட்டணம் கட்டவோ, பெற்றோர் கூட்டத்துக்கோ போகும்போது அந்தப் பலகையைத் தேடுங்கள். படித்துக் கீழே எழுதுங்கள். பலகை இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை எழுதுங்கள்.

கல்லூரியின் பெயர்: ............................
குழுத் தலைவர் பெயர்: ............................
போன் எண்: ............................
வெளியில் இருந்து வரும் உறுப்பினர் பெயர்: ............................